மாதக் கடைசியில் கையில் மிஞ்சுவது

எங்கள் குடியிருப்பின் லிஃப்டில், மூன்றாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், எதிர்வீட்டுப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் தலைக்கவசம் கையில் இருந்தது. நெற்றியில் அதன் பட்டை அழுத்திய தடம் இன்னும் மறையவில்லை.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுல யார் எதுக்குப் பணம் குடுப்பீங்க? நீங்களா, அண்ணியா?"

இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சம்பளம் வந்ததும் அப்படியே மனைவியிடம் கொடுத்துவிடுவேன், பிறகு முடி வெட்டிக்கொள்ளக்கூட அவளிடம்தான் கேட்டு வாங்குவேன் என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. அண்ணியும் சம்பாதிக்கிறார்களே, அது எங்கே போகிறது, நீங்கள் கேட்டு அவர்கள் இல்லை என்று சொன்னதுண்டா, சொன்னால் என்ன செய்வீர்கள் என்று ஐந்தாவது மாடியில் லிஃப்ட் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். வம்புக்குக் கேட்கிற முகமாக அது இல்லை. பூட்டு எப்படித் திறக்கிறது என்று பார்க்கிறவர்களின் முகம்.

ஏன் கேட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் டவர் கிரேன் ஓட்டுகிறவள். கட்டடம் கட்டும் இடத்தில் வானத்தில் கை நீட்டி நிற்குமே, அந்த இயந்திரத்தின் கழுத்தில் ஒரு கண்ணாடி அறை உண்டு. காலையில் இருநூற்றுச் சொச்சம் படி ஏணி ஏறி அதற்குள் உட்கார்ந்தால் மாலையில்தான் இறங்குவாள். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் முதுகுப் பையில் கூடவே போகும். கீழே வேலை செய்பவர்கள் அவளுக்கு 'மேல்வீட்டம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் அவள் ஒரு கட்டுமான நிறுவனத்தின் கிடங்கில் சிமெண்ட் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாளாம். மேலே போனால் என்ன தெரியும் என்று ஒரு நாள் அனுமதி வாங்கி ஏறிப் பார்த்திருக்கிறாள். அதோடு சரி, அவளைக் கீழே இறக்க முடியவில்லை. பயிற்சிக்குச் சேர்ந்து, பரீட்சை எழுதி, நான்கு வருடத்தில் தனியாக ஓட்டும் அளவுக்கு வந்துவிட்டாள்.

அவள் கணவன் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவன். ஃபிரேமுக்குப் பொருந்தும்படி லென்ஸின் ஓரத்தைச் சக்கரத்தில் தேய்த்து எடுக்கும் வேலை. மயிரிழை பிசகினாலும் லென்ஸ் ஃபிரேமில் உட்காராது. ஆளும் அப்படித்தான். வாய் அதிகம் பேசாது, சொன்னால் சொன்னதுதான்.

இருவரும் கல்யாணம் செய்துகொண்டபோது கிட்டத்தட்ட ஒரே சம்பளம். வீட்டுச் செலவு பாதி பாதி என்று அவன்தான் முதலில் சொன்னான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவன் அம்மா ஒவ்வொரு சின்னச் செலவுக்கும் அப்பாவின் முன்னால் போய் நிற்பார். என்ன செலவு, எதற்கு, போன வாரம் கொடுத்தது என்ன ஆயிற்று என்று அப்பா விசாரித்து முடித்த பிறகுதான் பணம் வரும். தன் மனைவி தன் முன்னால் அப்படி நிற்கக்கூடாது, தானும் யார் முன்னாலும் அப்படி நிற்கக்கூடாது என்று அவன் மனதில் விழுந்துவிட்டது. ஆளுக்குப் பாதி போட்டுவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லையே.

ஏழு வருடம் அது ஓடியது. இடையில் அவள் சம்பளம் ஏறி அவனுடையதைப் போல இரண்டு மடங்காகிவிட்டது. நாள் முழுக்க ஏணி ஏறி இறங்கும் முழங்காலுக்கு வீட்டிலாவது படி வேண்டாம் என்று, லிஃப்ட் உள்ள எங்கள் கட்டடத்துக்குக் குடி வந்தார்கள். பழைய வீட்டைவிட வாடகை கணிசமாக அதிகம். அவள் ஆசைப்பட்டாள், அவன் சரி என்றான். பாதி பாதி அப்படியே இருந்தது. அதை மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. மாதம் பிறந்ததும் அவன் பங்கு வந்துவிடும், ஒரு நாள்கூடத் தாமதம் ஆனதில்லை.

அந்த வருடம் அவளுக்கு ஆற்றுப் பாலத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தில் வேலை. மேலே இருந்தால் ஊரே தெரியும். எந்த மாடியில் எந்தக் கிழமை துணி காயும், எந்தக் கடைக்காரர் தாமதமாகக் கதவு திறப்பார், சாலை முனைப் போலீஸ்காரர் எந்த மரத்தடியில் பொட்டலத்தைப் பிரிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. டீ குடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தால் இவற்றைத்தான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் காலை எட்டு இருபதுக்கு, கம்பிக் கட்டு கொக்கியில் மாட்டப்படுவதற்காகக் காத்திருந்தபோது, பாலத்தின் மேல் நடந்து போகும் கூட்டத்தில் ஒருவர் நின்று, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடி துடைத்து, மாட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு தடவை துடைக்கிற ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். ஆனால் அவன் அந்த நேரத்தில் பஸ்ஸில் இருக்க வேண்டும். எங்கள் தெரு முனையில் ஏறினால் பாலத்தைத் தாண்டி நான்காவது நிறுத்தம் அவன் கடை. நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

கீழேயிருந்து சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் அவள் கம்பியைத் தூக்கினாளாம்.

மாலையில் சாதாரணமாகக் கேட்டாள், பஸ் எப்படி இருந்தது என்று. நிற்க இடமில்லை என்றான்.

மறுநாளும் அதே நேரம், அதே பாலம். அதற்கு அடுத்த நாளும். மழை பெய்த இரண்டு நாளும் குடையோடு நடந்தான். பதினொரு நாள் பார்த்தாள். கோபம் வரவில்லை என்று பிற்பாடு என் மனைவியிடம் சொன்னாள். பயம் கொஞ்சம் வந்தது, டாக்டர் ஏதாவது சொல்லி மறைக்கிறானோ என்று. அதைவிட, என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குறுகுறுப்புதான் பெரிதாக இருந்தது. ஊரில் யார் எங்கே போகிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்கிறவளுக்கு வீட்டு ஆள் எங்கே நடக்கிறான் என்று தெரியவில்லையே.

பன்னிரண்டாம் நாள் பலத்த காற்று. காற்று குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் கிரேனை நிறுத்திவிட்டு இறங்கிவிட வேண்டும். அவள் இறங்கி நேரே கண்ணாடிக் கடைக்குப் போனாள். மதிய இடைவேளை. அவன் உள்ளறையில் தேய்க்கும் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். கடையின் மற்ற ஆட்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தார்கள். கல்லாவில் இருந்த அம்மா, இவளைக் கண்டதும் அக்கறையாக விசாரித்தார்.

"அவர் வயிறு இப்போ எப்படிம்மா இருக்கு? ரெண்டு வருஷமா மத்தியானம் சாப்பிடறதே இல்லையே. ஒத்துக்கலைன்னு சொல்றாரு."

வீட்டில் அவன் வயிற்றுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாமல் இருந்ததில்லை. இவள் அவனைக் கூப்பிடாமலேயே திரும்பிவிட்டாள்.

ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். இந்த வீட்டுக்கு வந்தும் இரண்டு வருடம்தான். அவன் சம்பளம் நூறு என்று வைத்துக்கொண்டால், வீட்டுக்கு அவன் போடும் பாதி எண்பத்தைந்து. மிச்சம் பதினைந்து. அதில் மாதா மாதம் அவன் அம்மாவுக்குப் பத்து அனுப்புவது அவளுக்குத் தெரியும். ஐந்தில் ஒரு மனிதன் பஸ் ஏறி, சாப்பிட்டு, சட்டை வாங்கி, நண்பர்களுக்கு டீ வாங்கித் தர வேண்டும். இவள் போடுவதும் எண்பத்தைந்துதான். ஆனால் இவள் கையில் நூற்றுப் பதினைந்து மிஞ்சிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக.

உடனே போய்க் கேட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை. கேட்டால் அவன் கூனிக் குறுகிப் போவான். என்ன செய்யலாம் என்று தெரிந்துகொண்டு அப்புறம் கேட்போம் என்று, மற்ற வீடுகளில் எப்படி நடக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினாள். லிஃப்டில் என்னிடம் கேட்டது அப்போதுதான்.

விசாரிக்க விசாரிக்க அவள் அதில் ருசி கண்டுவிட்டாள். ஒரு வீட்டைப் போல இன்னொரு வீடு இல்லை. சிக்னல்காரரின் மனைவி தையல் கடை வைத்து அவரைவிட நன்றாகச் சம்பாதிக்கிறார். பில் வரும் செலவெல்லாம் கணவருக்கு, பில் வராததெல்லாம் மனைவிக்கு என்று பிரித்திருக்கிறார்கள். பில் வராததுதான் அதிகம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவே நான்கு வருடம் ஆயிற்றாம். கான்கிரீட் போடும் ஒருவர் தன் சம்பளம் எவ்வளவு என்பதையே வீட்டில் சொன்னதில்லை. இவளுடைய அக்காவின் வீட்டில் செலவு முழுக்க அத்தானுடையது. அக்காவின் சம்பளம் அக்காவுக்கே. கொடுத்து வைத்தவள் என்று இவள் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்குக் கார் வாங்கியபோது என்ன நிறம் என்றுகூட அவளைக் கேட்கவில்லையாம். கீழ்த்தளத்தில் ஓய்வு பெற்ற நர்ஸ் தம்பதியர் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக எடுப்பார்கள். யார் அதிகம் சம்பாதித்தது என்று கேட்டதற்கு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் ஐந்து வருடம் அதற்காகவே சண்டை போட்டோம், அப்புறம் மறந்துபோயிற்று என்றார் அந்த அம்மா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பேச்சை எடுத்தாள். அவன் ஜன்னலோரம் செருப்புக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். தினமும் எட்டு இருபதுக்குப் பாலத்தின் மேல் ஒருவர் நடந்து போகிறார், நடுவில் நின்று கண்ணாடியை இரண்டு தடவை துடைப்பார் என்று, வழக்கமாக மேலிருந்து பார்த்த கதையைச் சொல்வது போலவே சொன்னாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"எத்தனை நாளா பாக்கற?"

"மூணு வாரமா."

"மழை பெஞ்ச அன்னிக்குமா?"

"அன்னிக்கும்தான். பஸ்ல நிக்க எடமில்லைன்னு சொன்னீங்க."

அவன் செருப்பைக் கீழே வைத்தான். நீ கேட்டிருக்கலாமே என்றான். நீங்கள் சொல்லியிருக்கலாமே என்றாள் அவள். பிறகு அவள், தான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள். சம்பளத்துக்குத் தகுந்தபடி போடலாம். தனக்கு இரண்டு பங்கு, அவனுக்கு ஒரு பங்கு. நியாயமான கணக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"அப்போ இந்த வீட்டுல மூணுல ஒரு பங்குதான் என்னோடதா?" என்றான் அவன். குரல் உயரவில்லை. எழுந்து குளிக்கப் போய்விட்டான்.

அந்தக் கணக்கை அவன் பக்கமிருந்து பார்த்தால் அப்படித் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. இரண்டு நாள் இருவரும் உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவில்தான் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மாலை எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அவன்தான். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கொஞ்ச நேரம் எங்கள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுல செலவை எப்படிப் பிரிச்சுக்கறீங்க?" என்றான்.

என் மனைவி அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். இதைத்தான் உன் மனைவி போன வாரமே கேட்டுவிட்டுப் போனாள், எங்களை மட்டுமல்ல, கீழ்த்தளம் வரைக்கும் கேட்டிருக்கிறாள் என்றோம். அவன் முகம் சட்டென்று மாறியது. வீட்டு விஷயம் ஊர் முழுக்கப் போய்விட்டதோ என்ற பதற்றம். உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அது உண்மைதான். அவன் நம்பினான். அப்புறம்தான் உட்கார்ந்தான். எதற்காகக் கேட்டாள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவனாகவே பாலத்தையும் பஸ்ஸையும் சொன்னான். கடைசியில், மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று மெதுவாகக் கேட்டான். அவனும் கடைக்குக் கண்ணாடி வாங்க வந்தவர்களிடம் இரண்டு நாளாக விசாரித்திருக்கிறான். ஒரு மாதம் கணவன், ஒரு மாதம் மனைவி என்று மாற்றி மாற்றி முழு வீட்டையும் நடத்தும் ஒரு தம்பதியர். மனைவியின் மாதத்தில்தான் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அவர்களுக்குள் தீராத வழக்கு.

"அவ கேட்டதையும் நான் கேட்டதையும் சேர்த்து வச்சுப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அன்று எதிர்வீட்டில் ரொம்ப நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. நடுவில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். விருந்தாளிக் கதையாக இருக்கலாம்.

என்ன முடிவெடுத்தார்கள் என்பதை அவள் எங்களிடம் விளக்கியபோது எனக்கு உடனே பிடிபடவில்லை. இருவரும் சம்பளம் முழுவதையும் வீட்டுக்கென்று ஒரே கணக்கில் போட்டுவிடுவது. செலவு, சேமிப்பு, அவன் அம்மாவுக்கு அனுப்புவது எல்லாம் அதிலிருந்தே. கடைசியில் மிஞ்சுவதை இருவரும் சரிபாதியாக எடுத்துக்கொள்வது. அதை எப்படிச் செலவழித்தாலும் மற்றவர் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. அவன் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு இடத்தைத்தான்.

"நான் போடறதும் முழுசு, நீ போடறதும் முழுசு. எவ்வளவு முழுசுன்னு பாக்க வேண்டாம்" என்று அவன் சொன்னானாம்.

இதில் நஷ்டம் உனக்குத்தானே என்று என் மனைவி அவளிடம் வெளிப்படையாகவே கேட்டாள். அவளும் மறைக்கவில்லை. முதல் மாதம் தன் கைக்கு வந்ததைப் பார்த்தபோது வலித்தது என்றாள். அவ்வளவு உயரத்தில், அவ்வளவு காற்றில், கீழே ஆட்கள் நடமாடும்போது டன் கணக்கில் இரும்பைத் தூக்கிச் சம்பாதித்தது. ஒரு நாள் முழுக்க அதே நினைப்பாக இருந்தது. அந்த வலி அடுத்த மாதமும் இருந்தது, மூன்றாம் மாதம் குறைந்தது என்று நோயைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள்.

அவனுக்கு வேறு சிரமம். கையில் பணம் இருந்தால் என்ன செய்வதென்று பழக்கம் விட்டுப்போயிருந்தது. முதல் வாரம் சாப்பாட்டுக் கடைக்குப் போய் எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கி, நிஜமாகவே வயிற்றைக் கெடுத்துக்கொண்டான். கல்லா அம்மா, நான்தான் அப்போதே சொன்னேனே என்றாராம். பிறகு நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கினான். கடை ஆட்களுக்கு ஒரு நாள் டீ வாங்கிக் கொடுத்தான். அதைத்தான் அவளிடம் இரண்டு முறை சொன்னான்.

அடுத்த வருடம் அந்தக் கட்டடம் முடிந்தது. கிரேனைத் துண்டு துண்டாகக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வேலை வருவதாகச் சொன்ன இடத்தில் அனுமதி இழுத்தடித்தது. நான்கு மாதம் அவளுக்குச் சம்பளம் இல்லை. அவன் சம்பளமும் சேமிப்பும்தான் வீட்டை ஓட்டின. செலவைச் சுருக்கியதில் மிஞ்சியது கொஞ்சம், அதையும் ஒப்பந்தப்படி இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை அவள் கணக்கில் போட்டான். அவளால் அதைத் தொட முடியவில்லை. ஒரு நாள் என் மனைவியிடம் வந்து உட்கார்ந்து, "நான் கை நீட்டவே இல்ல அண்ணி. இருந்தும் நீட்டின மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு வருடம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் கொஞ்சம் தெரிகிறது என்றும் சொன்னாள்.

அவள் அதைத் தொடவில்லை என்பதை அவன் கண்டுபிடித்துவிட்டான். ஒன்றும் விவாதிக்கவில்லை. அந்த மாதம் தன் பங்கையும் எடுக்காமல் அப்படியே விட்டான். நீ எடுக்கும்போது நானும் எடுக்கிறேன் என்றான். ஒரு வாரம் இருவரும் கையில் காசில்லாமல் திரிந்தார்கள். அவள்தான் முதலில் இறங்கி வந்தாள். தனக்கென்று ஒரு தொப்பி வாங்கினாள். அவசியமே இல்லாத தொப்பி. அது அவனுக்குப் பிடித்திருந்தது.

நான்காம் மாதம் ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஒன்று வெகு தூரத்தில், ஒரு பெரிய அணைக்கட்டு வேலை. பழைய சம்பளத்தைவிட ஒன்றரை மடங்கு. ஆனால் மாதத்தில் நான்கு நாள்தான் வீடு. மற்றொன்று இங்கேயே துறைமுகத்தில், கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளை இறக்கும் கிரேன். புதிதாகக் கற்க வேண்டும், சம்பளமும் முன்னைவிடக் குறைவு. முன்பென்றால் நான் யோசித்திருக்கவே மாட்டேன் என்றாள் அவள். கூடுதல் சம்பளம் அவளுடையது, போக வேண்டியதுதான். இப்போது கூடுவதிலும் பாதி அவனுக்கு, வீட்டில் ஆள் இல்லாமல் போவதிலும் பாதி அவனுக்கு. எனவே அவனைக் கேட்க வேண்டியிருந்தது. அவன் ஒரு தாளை எடுத்து அணைக்கட்டின் சம்பளத்தை எழுதினான், துறைமுகத்தின் சம்பளத்தை எழுதினான், இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை எழுதினான், அதை இரண்டால் வகுத்தான். "இவ்வளவுக்காக நான் இருபத்தாறு நாள் தனியா சாப்பிடணுமா?" என்றான்.

அவள் துறைமுகத்தில் சேர்ந்தாள். அந்த கிரேனுக்குள் மேலே போக லிஃப்ட் இருக்கிறது, முழங்காலுக்கு நிம்மதி. ஓட்டுநர் அறையின் தரை கண்ணாடி, கால்களுக்கு நடுவில் கப்பல் தெரியும். ஆறு மாதம் கழித்துக் குடும்பத்தாரை அழைத்துவரலாம் என்று ஒரு நாள் விட்டார்கள். இத்தனை வருடத்தில் அவன் மேலே ஏறிப் பார்த்தது அன்றுதான் முதல்முறை. கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இந்தப் பெட்டி எவ்வளவு எடை, அந்தக் கப்பல் எங்கிருந்து வருகிறது, இந்தத் தரைக் கண்ணாடி என்ன தடிமன், கீறல் விழுந்தால் யார் மாற்றுவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். கண்ணாடியின் தடிமன் அவளுக்குத் தெரியவில்லை. மேற்பார்வையாளரைக் கேட்டாள், அவருக்கும் தெரியவில்லை. அவன் குனிந்து ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துத் தானே ஒரு எண்ணைச் சொன்னான். சரிதானா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.